ஏழும் எட்டும் ஒன்பதும்

1877ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு செயல்கள் உலகின் இரு கோடிகளில் நிகழ்ந்தன. பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ஆட்சியாளர் மாளிகையைச் சார்ந்த நிலத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பெற்றன. அதே ஆண்டின் இறுதியில், ஐரோப்பாவின் நடுவே பொகீமியா என்னும் சிறு நாட்டின் தலைநகராகிய பிராக்கில், முப்பத்தாறு வயதுடைய ஒருவர் ‘ஸ்தாபாத் மாத்தெர்’ என்னும் இசைப்பாவை எழுதி முடித்தார். சிலுவையில் தொங்கும் மகனைக் கண்டு நிற்கும் தாயின் துயரமே அதன் பொருள். எழுதியவர் அத்துயரத்தைப் பிறர் வாய்க் கேட்டு அறிந்தவர் அல்லர். 1875இல் ஒரு மகவையும், 1877இல் ஒரு திங்கள் இடைவெளிக்குள் எஞ்சிய இரு மக்களையும் மண்ணுக்குக் கொடுத்தவர். அவர் பெயர் அந்தோனீன் துவோர்ஷாக்.

கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளுள் ஒன்று முதுமரமாகி இன்றும் நிற்கிறது. துவோர்ஷாக்கும் தம் வாழ்நாளில் ஒன்பது சிம்பொனிகளையே இயற்றினார். இவ்வெண் ஒற்றுமையில் பொருள் தேடுவது வீண்வேலை. ஆயினும் அக்கன்றுகள் தொடங்கிவைத்த பெருந்தொழில் கடல் கடந்து அழைத்து வந்த தமிழர் குடும்பம் ஒன்றில் பிறந்த ஓர் ஆசிரியர், அவ்வொன்பதில் மூன்றனை அறுபது ஆண்டுகளாகக் கேட்டும் ஒப்பிட்டும் வந்திருக்கிறார் என்பது சொல்லத் தக்க செய்தி.

அவர் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் 1946இல் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பயிற்சி பெற்று, பேராக்கின் பல ஊர்களிலும் தமிழ் கற்பித்து, ஈப்போவில் ஓய்ந்து அமர்ந்திருப்பவர். மேலை இசையை அவர் முறையாகப் பயின்றதில்லை. சுரக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. ஆனால் தொல்காப்பியம் கற்றவர் ஆதலின், ஒரு சொல் எவ்விடத்தில் நின்று என்ன பொருள் தருகிறது என்று கேட்கும் பழக்கம் உடையவர். அப்பழக்கத்தையே இசையிடத்தும் செலுத்தினார்.

சிம்பொனி என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் யாது என்னும் வினா ஆசிரியர் அறைகளில் அவ்வப்போது எழுவதுண்டு. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இளையராசா தம் சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றியபோது மீண்டும் எழுந்தது. கருவிகள் பல கூடி ஒலிப்பதைச் சங்கச் சான்றோர் ‘பல்லியம்’ என்றனர். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவர் பெயரே உண்டு. கருவிக் கூட்டத்திற்கு அச்சொல் முற்றும் பொருந்தும். ஆனால் சிம்பொனி என்பது கூட்டத்தின் பெயர் அன்று. அக்கூட்டத்திற்கென நான்கு பகுதிகளாக எழுதப்பெறும் பெரும்பாட்டின் பெயர். ஆகவே குழுவைப் பல்லியம் என்றும், பாட்டைச் சிம்பொனி என்றும் வழங்குவதே அவர் வழக்கம்.

தோட்டத்துப் பிள்ளையின் காதில் இவ்விசை விழுந்த வழி எளியது. அவர் தந்தையார் துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். வெள்ளைக்காரத் துரை மாலைவேளைகளில் இசைத்தட்டு வைப்பார். பூச்செடிகளுக்கு நீர் விடும் தந்தைக்குத் துணையாகச் செல்லும் சிறுவன் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பான். அது சுதந்திரத்தை ஒட்டிய காலம். பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. அந்தத் தோட்டமும் கைமாறியது. துரை ஊர் திரும்புமுன், சுமக்க மாட்டாத பொருள்களை வேலையாட்களுக்குக் கொடுத்தார். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்குச் சமையல் பாத்திரம், தோட்டக்காரருக்கு நான்கைந்து இசைத்தட்டுகள். இசைத்தட்டு மட்டும் வந்தது; அதனைச் சுழற்றும் பெட்டி வரவில்லை! பெட்டி வாங்கும் வரையில் ஏழாண்டுக்காலம் அவை லயத்து வீட்டின் பரணில் கிடந்தன.

அவற்றுள் ஒன்றின் உறைமேல் ‘ஐந்தாம் சிம்பொனி — புதிய உலகத்திலிருந்து’ என்று எழுதியிருந்தது. பல்லாண்டுகள் கழித்து ஈப்போவில் அதே பெயருடைய தட்டு ஒன்றைக் கண்டார். அதன்மேல் ‘ஒன்பதாம் சிம்பொனி’ என்றிருந்தது. நான்கு சிம்பொனிகள் எங்கிருந்து முளைத்தன என்று அவர் வியந்தார். துவோர்ஷாக் உயிரோடிருந்தபோது அச்சேறியவை ஐந்தே. முதல் நான்கும் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சு வடிவம் பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே, இயற்றிய வரிசைப்படி எண்ணும் முறை நிலைத்தது. 1865இல் எழுதிய முதற் சிம்பொனியின் கதை இன்னும் வியப்பானது. ஒரு போட்டிக்கு அனுப்பிய கைப்படி திரும்பவே இல்லை. இயற்றியவர் அதனை ஒருமுறையும் கேளாமல் 1904 மே முதல் நாள் மறைந்தார். கைப்படி 1923இல் வெளிப்பட்டு, 1936இல்தான் அரங்கேறியது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரின் வரலாற்றைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் இச்செய்தியைக் கேட்டால் பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

இனி, அந்த ஒன்பதாவது. 1892 செப்டம்பரில் துவோர்ஷாக் நியூயார்க்குத் தேசிய இசைக் கல்லூரியின் தலைவராகக் கப்பலேறினார். ஆண்டுக்கு 15,000 டாலர் ஊதியம். அங்கே ஆரி பர்லே என்னும் கறுப்பின மாணவர் தம் இனத்தாரின் பக்திப் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அடிமைகளாய்ப் பருத்தித் தோட்டங்களில் உழைத்தோரின் பாடல்கள் அவை. அமெரிக்காவின் நாளைய இசை இப்பாடல்களின் மேல்தான் எழ வேண்டும் என்று 1893 மே திங்களில் துவோர்ஷாக் செய்தித்தாளில் சொன்னார். உயர்ந்தோர் அவையில் அது சலசலப்பை உண்டாக்கியது. அதே திங்களில் சிம்பொனியை எழுதி முடித்தார். 1893 டிசம்பர் 16ஆம் நாள் கார்னகி மண்டபத்தில் அது அரங்கேறியது.

அதன் இரண்டாம் பகுதியே உலகறிந்தது. பித்தளைக் கருவிகள் சில ஒலிகளை மெல்ல எழுப்பி வாயிலைத் திறந்துவிட்டு ஒதுங்குகின்றன. பிறகு ‘இங்கிலீஷ் ஹார்ன்’ என்னும், பெயரில் கொம்பும் வடிவில் குழலுமான சீவாளிக் கருவி ஒரு மெட்டைத் தனியே பாடுகிறது. ச ரி க ப த என்னும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே அதன் தொடக்கம் அடங்குகிறது. தமிழிசை வல்லார் இதனை மோகனம் என்பர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி இதுவே என்பது ஆய்ந்தோர் பலர் கொள்கை. ஈப்போவின் சீனத் தெருக்களில் திருவிழாக்காலத்தே எழும் இசைக்கும் ஐந்து சுரங்களே அடிப்படை. அம்மெட்டைக் கேட்ட அளவில் எந்நாட்டவனும் தன் பாட்டி பாடியது என்று மயங்குவதற்குக் காரணம் இதுவாகலாம்.

மயக்கம் மேலைநாட்டாரையும் விடவில்லை. ‘வீடு திரும்புகிறேன்’ என்னும் பொருளில் அம்மெட்டுக்கு வழங்கும் பாடல் பழைய நாட்டுப்பாடல் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அச்சொற்களை எழுதிச் சேர்த்தவர் துவோர்ஷாக்கின் மாணவராகிய வில்லியம் ஆம்ஸ் பிஷர், ஆண்டு 1922. ஆசான் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மெட்டு எங்கே பிறந்தது என்பதும், அது யாருடையதாக ஆகிறது என்பதும் வேறு வேறு வினாக்கள். பேராக் மாநிலத்துக்கு இதில் தனி அனுபவம் உண்டு. பிரெஞ்சுக்காரர் வழியாக வந்ததென்று சொல்லப்படும் ஒரு மெட்டு பேராக் சுல்தானுக்குரிய பண்ணாகி, 1957இல் நாடு முழுவதற்கும் உரிய நாட்டுப்பண் ஆயிற்று. காலையில் பள்ளித் திடலில் நிற்கும் எந்தப் பிள்ளையும் அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

ஆசிரியர் வாழ்வில் ஒன்பதாவது சிம்பொனி நுழைந்த விதம் வேறு. நாட்டுரிமை பெறாதவர் வேலை உரிமம் பெற்றே ஆக வேண்டும் என்னும் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர் ஒரே நாளில் அயலார் ஆயினர். நாட்டுரிமைக்கு மனுச் செய்ய வேண்டிய காலத்தில், ‘நமக்கு எதற்கு? யார் நம்மைப் போகச் சொல்லப் போகிறார்கள்?’ என்று இருந்துவிட்டவர்களுள் ஆசிரியரின் தந்தையும் ஒருவர். 1970இல் அவரும் மனைவியும் பினாங்குத் துறையில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் சென்றனர். நீல அட்டை பெற்றிருந்த மகன், கற்பிக்கத் தொடங்கி ஓராண்டே ஆனவர், கரையில் நின்றார். தந்தை சென்று சேர்ந்த ஊரில் அவருக்குப் ‘பினாங்குக்காரர்’ என்று பெயர். ஒரு கடிதத்தில், ‘பங்களாவுக்குப் பின்புறம் நான் வைத்த முருங்கை பூத்ததா?’ என்று கேட்டிருந்தார். 1978இல் அங்கேயே மறைந்தார்.

அதன் பிறகு அந்த இரண்டாம் பகுதியை ஆசிரியர் நெடுநாள் கேட்க இயலாதவராய் இருந்தார். மீண்டும் கேட்கத் தொடங்கியபோது ஒன்றனைக் கண்டுகொண்டார். உலகம் அம்மெட்டைப் பிரிந்து சென்றவன் பாட்டாகக் கேட்கிறது. ஆனால் அது முல்லைப்பண். முல்லையின் உரிப்பொருள் பிரிதல் அன்று, இருத்தல்; சென்றவரை எண்ணி மனையில் ஆற்றியிருத்தல். கரையில் நின்றவனுக்கும் அம்மெட்டில் பங்குண்டு என்பது அவர் கண்டது. அப்பகுதியின் இறுதியில் கருவிகள் ஒவ்வொன்றாய் ஓய, வில்லிசைக் கருவிகள் சிலவே மெட்டைத் தொடர்ந்து, இடையிடையே வாய் அடைத்து நின்று, பிறகு மேலே செல்லும். அழுகையை அடக்கிப் பேசுபவன் சொற்களுக்கிடையே விடும் மௌனம் எப்படியோ அப்படி.

இவ்வளவு நெருங்கிய சிம்பொனியையே அவர் முதலிடத்தில் வைப்பார் என்று எவரும் எண்ணுவர். அவர் வைக்கவில்லை. காரணத்தை இரண்டு சொற்களில் சொன்னார்: ‘அவருக்குத் திரும்பும் சீட்டு இருந்தது.’ 1895இல் துவோர்ஷாக் தம் நாடு திரும்பினார்; தம் ஊரில், தம் மக்கள் நடுவே இருந்து மறைந்தார். தாயகத்தை எண்ணி ஏங்குவதற்கும் தாயகம் எது என்பதே ஐயமாகிப் போவதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஆசிரியரின் தந்தைக்குத் ‘திரும்புதல்’ என்ற சொல்லே பொருந்தாது. அவர் ஐந்து வயதில் விட்டு வந்த ஊருக்கு அனுப்பப்பட்டார். ஒன்பதாவது சிம்பொனியின் இறுதிப்பகுதி புகைவண்டி புறப்படுவது போலத் தொடங்கி, முன்வந்த மெட்டுகளையெல்லாம் ஊர்வலமாக அழைத்துச் சென்று, ஓங்கி முடியும் என்று காத்திருக்கையில், ஒரே சுரக்கூட்டில் நின்று மெல்லத் தேய்ந்து மறைகிறது. அந்தத் தேய்வு அழகியது. ஆனால் ஏக்கமே முடிவாகிவிடுகிறது என்பது அவர் குறை. (இச்சிம்பொனி முழுவதிலும் கைத்தாளம் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கிறது, அதுவும் இப்பகுதியில். அந்த ஓர் அடிக்காக ஒருவர் முக்கால்மணிநேரம் அமர்ந்திருக்கிறார். பிரட்டுக்களத்தில் தன் பெயர் வரும்வரை நின்றவர்களுக்கு இது புரியும்.)

இந்த ஒப்பீடெல்லாம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்கும், ஒரு பள்ளி மலர் குறுக்கிடாதிருந்தால். ஆசிரியரின் பழைய மாணவி ஒருவர் இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. அப்பள்ளி இருந்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை வந்ததும் ஆள்கள் குறைந்தனர். ஆள்கள் குறைந்ததும் பிள்ளைகள் குறைந்தனர். பள்ளியை நகர்ப்புறத்துக் குடியிருப்புக்கு மாற்றினர். மாறிச் செல்லும் பள்ளியின் நினைவாக வெளியிடும் மலருக்கு ஆசிரியரிடம் கட்டுரை வேண்டினார். அவர் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை அதனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார்.

“ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதுவரை பதினான்கு கட்டுரைகள் வந்துவிட்டன. பதினான்கும் ஒப்பாரி. உங்களுடையது பதினைந்தாவது.”

“ஒப்பாரி தமிழ் இலக்கியம் இல்லையா, அம்மா?”

“இலக்கியந்தான் ஐயா. ஆனால் இந்த மலரைப் படிக்கப்போகும் பிள்ளைகள் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படி அழுவார்கள்?”

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. மேசைமேல் கிடந்த ஒன்பதாவது சிம்பொனியின் உறையைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்: “நீங்கள் எனக்குக் கேட்கக் கொடுத்ததில் இதைவிட ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது, ஐயா.”

ஏழாவது பிடித்தமைக்கு அவர் சொன்ன காரணம் இசையோடு மட்டும் நிற்பதன்று. 1884இல், பிராக்கின் புகைவண்டி நிலையத்தில், அங்கேரியத் தலைநகரிலிருந்து தம் மக்களை ஏற்றிவந்த சிறப்பு வண்டி வந்து நின்ற வேளையில்தான் அதன் முதன்மை மெட்டு துவோர்ஷாக்கின் நெஞ்சில் எழுந்தது. அவரே கைப்படியில் குறித்து வைத்த செய்தி இது. புகைவண்டி என்றால் அவருக்குப் பித்து. வண்டிகளின் எண்களையும் வேளைகளையும் மனப்பாடம் செய்தவர். 1917இல் கட்டிய ஈப்போ நிலையத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு பகல் கழித்திருப்பார். ஆனால் அம்மெட்டில் வண்டியின் குதூகலம் இல்லை. அடித்தளத்தில் ஒரே சுரம் உறுமிக்கொண்டிருக்க, வயோலாவும் செல்லோவும் இருளில் பேசுவது போல அதனைத் தொடங்குகின்றன. வேற்றினத்தார் ஆட்சியில் தம் மொழிக்கும் நாட்டுக்கும் இடம் கேட்ட மக்களின் குமுறல் அது.

சிம்பொனி 1885 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. அதனை அச்சிடுவதில் பெர்லின் பதிப்பாளர் சிம்ராக்குக்கும் துவோர்ஷாக்குக்கும் பிணக்கு. பதிப்பாளர் 3,000 மார்க் தருவதாகச் சொன்னார். இவர் 6,000 கேட்டுப் பெற்றார். பணத்தைவிடப் பெயரே பெரும் பிணக்காயிற்று. பதிப்பாளர் ‘ஆந்தோன்’ என்று செருமானிய முறையில் அச்சிடுவார். இவரோ தம் பெயர் தம் மொழியில் இருக்க வேண்டும் என்றார். இரண்டு மொழிக்கும் பொதுவாக ‘அந்த்.’ என்று சுருக்கி அச்சிடும் சமரசமும் நிகழ்ந்தது! அவர் குடும்பப் பெயரின் நடுவில் வரும் செக் எழுத்தை அயலார் சொல்வது, தமிழின் ழகரத்தை அயலார் சொல்வது போலத்தான். தலைமையாசிரியையின் தந்தை பெயரில் ழகரம் உண்டு. தோட்டத்துக் கிராணி செக்ரோலில் எழுதிய பிழையே பிறகு அடையாள அட்டையிலும் ஏறி, இறந்தபோது இறப்புச் சான்றிதழிலும் நின்றது. ஒரு மனிதன் தன் பெயரைச் சரியாக எழுது என்று வாதிட்டு வென்றான் என்பதே அவருக்குப் போதும்.

இசையிலும் ஏழாவது இறுக்கமானது. வீணான ஓர் அடி அதில் இல்லை. மூன்றாம் பகுதி ‘பூரியாந்த்’ என்னும் செக் நாட்டுப்புற ஆட்டத்தின் நடையில் அமைந்தது. ஆறு மாத்திரையை மூன்று மூன்றாகப் பகுப்பதா இரண்டிரண்டாகப் பகுப்பதா என்று மேற்கருவிகளும் கீழ்க்கருவிகளும் வழக்காடும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களின் கால் தானாக இவ்வழக்கில் கலந்துகொள்ளும். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘லைன்’ என்ற பெயர் தமிழன் வாயில் ‘லயம்’ ஆனது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல். நான்காம் பகுதி இறுதிவரை போராடி, கடைசிச் சில அடிகளில் மட்டுமே வெளிச்சத்தைக் காண்கிறது. அவ்வெளிச்சம் வெற்றியா, களைப்பா என்று தெரியாது. தலைமையாசிரியை வெற்றி என்கிறார். ஆசிரியர் களைப்பு என்கிறார். இருவரும் இதனைப் பற்றி ஒருநாள் முழுவதும் வாதிட்டதுண்டு.

கட்டுரையைத் திருப்பிப் பெற்ற ஆசிரியர் மூன்று வாரக்காலம் ஒன்றும் எழுதவில்லை. மூன்று சிம்பொனிகளையும் மாறி மாறிக் கேட்டார். எட்டாவதில் வந்து நின்றார்.

எட்டாவது 1889 ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கி நவம்பர் 8ஆம் நாள் முடிந்தது. எழுதிய இடம் வைசோகா என்னும் சிற்றூர். அங்கே ஒரு பழைய கட்டடத்தை வாங்கி வீடாக்கி, தோட்டம் போட்டு, புறா வளர்த்து, மாலையில் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளரோடு அமர்ந்து பேசிக் களித்தவர் துவோர்ஷாக். அவ்வட்டாரத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை அறிந்தவர்கள் அந்த மாலைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1890 பிப்ரவரி 2ஆம் நாள் பிராக்கில் அது அரங்கேறியது. சிம்ராக் அற்ப விலை பேசியதால், இலண்டனின் நொவெல்லோ நிறுவனம் அதனை வெளியிட்டது.

அது துயரத்தில்தான் தொடங்குகிறது. செல்லோக்கள் தாழ்ந்த குரலில், இறந்தவரைச் சுமந்து செல்வோர் நடையில் ஒரு மெட்டைப் பாடுகின்றன. ஒரு நிமிடம் ஆகுமுன் அதன் மேலே, கேட்காமலே வந்தது போல, ஒரு குழல் பறவையாகிக் கூவுகிறது. செல்லோ அதனை மறுக்கவில்லை. குழலும் செல்லோவை ஆற்ற முற்படவில்லை. இரண்டும் ஒரே காலையில் இருக்கின்றன. தோட்டத்துக் காலையும் அப்படியே இருந்தது. விடியுமுன் பிரட்டு, பனியில் வாளியும் உளியுமாய் நிரைக்குச் செல்லும் பெண்கள், ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த குழந்தையின் அழுகை இன்னும் காதில், அதே வேளையில் மைனாவும் குயிலும், வெயில் ஏற ஏற, ரப்பர்க் காய் ‘பட்’டென வெடித்து விதை சிதறும் ஓசை. இரண்டாம் பகுதியில் ஊர் வாத்தியக் குழு ஒன்று தொலைவில் வாசித்துக்கொண்டே வர, இடையில் இடியும் மழையும் வந்து, ஓய்கின்றன. மூன்றாவதில் சோகம் கலந்த சுழலாட்டம். நான்காவதில் எக்காளம் ஒலித்ததும் செல்லோக்கள் ஒரு மெட்டை எடுத்துக்கொடுக்க, அதனையே நாதசுர வித்துவான் நிரவல் செய்வது போலப் பலவாறு உடுத்திப் பார்க்கிறது பல்லியம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காவடி திரும்பும் வேளை போல இறுதியில் எல்லாம் ஒன்றாய்க் கலந்து முழங்குகின்றன.

ஆய்வாளர் சிலர் எட்டாவதைத் தளர்ந்த கட்டு உடையது என்பர். ஏழாவதன் அருகில் வைத்தால் அது உண்மையே. ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வருகின்றன. முன்னது பின்னதற்குக் காரணமாவதில்லை. ஆனால் ஓர் ஊரில் வாழ்ந்த நாள்களும் அப்படித்தான் நினைவில் வருகின்றன.

தலைமையாசிரியை இதனை உடனே ஏற்கவில்லை.

“தோட்டத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி இருந்தது என்று எழுதப்போகிறீர்களா, ஐயா? நாளைக்கு ஒருவர் வந்து, கூலி குறைத்ததும் நல்லதே என்று சொல்லிவிட மாட்டாரா?”

இவ்வினா வலிது. சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவருக்குத் தோட்ட வாழ்வை இனிமையாக்கிக் காட்டும் உரிமை இல்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. முள்வேலியும், சோதனையும், எண்ணி அளந்த அரிசியும் ஆசிரியரின் குழந்தைப் பருவம். அவர் மறுமொழி இது:

“துன்பத்தை எழுதாமல் விடுவேன் என்று யார் சொன்னது? செல்லோ போகவில்லையே, அம்மா. அது இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அங்கே இருந்தவர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் துன்பப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் இல்லை. என் அப்பா துரை வீட்டு ரோசாவுக்கும் தண்ணீர் விட்டார். அதற்குப் பின்னால் தமக்கென்று முருங்கையும் வைத்தார். பதினைந்து பேரும் ரோசாவைப் பற்றியே எழுதிவிட்டோம்.”

மேலும் ஒன்று சொன்னார். எட்டாவதை எழுதியவர் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவர், தாயை இழந்தவர், பெயருக்காகவும் காசுக்காகவும் அலுக்கும்வரை வழக்காடியவர். ஒன்றும் அறியாத இளைஞனின் களிப்பு அன்று அது. நாற்பத்தெட்டு வயதில், எல்லாவற்றையும் கண்ட பின், இருக்கும் இடத்தை உற்றுப் பார்த்தவனின் பாட்டு. ஏழாவதில் அவர் பிறர் காதுக்கு நிரூபிக்கிறார். ஒன்பதாவதில் தொலைவிலிருந்து நினைக்கிறார். எட்டாவதில் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், வைசோகாவில் இருக்கிறார்.

தலைமையாசிரியை சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் முருங்கையை எழுதுங்கள், ஐயா. ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம்” என்றார்.

அவர் எழுதினார். பங்களாவின் பின்புறத்தில் எந்தச் செடி எந்தத் திசையில் நின்றது, யார் வந்து கறிவேப்பிலை பறித்தார்கள், எந்த மாதத்தில் ரப்பர் இலை உதிர்ந்தது, துரை வைத்த இசைத்தட்டின் ஓசை எந்தச் சன்னல் வழியாக வந்தது என்பனவெல்லாம் அதில் வந்தன. கப்பலும் வந்தது, இரண்டு வரியில். முருங்கை பூத்ததா என்ற கேள்விக்குத் தாம் அன்று பதில் எழுதவில்லை என்பதையும், தோட்டம் கைமாறிய பின் பங்களாவுக்குள் போக வழியில்லாமற் போனதையும் ஒரு வரியில் எழுதினார். மலரில் கட்டுரை நாலரைப் பக்கத்தில் அச்சாகியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதனைப் படித்துவிட்டு, பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். பள்ளி விடுமுறையில் பேருந்து பேசி அழைத்துச் சென்றனர். எங்கும் செம்பனை, பங்களா இருந்த மேட்டில் அடித்தளக் கற்கள் மட்டும் கிடந்தன. முருங்கை இல்லை. ஒரு பையன் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைப் புதரில் கண்டுபிடித்து வேரோடு எடுத்து வந்தான். அது இப்போது புதிய பள்ளியின் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நிற்கிறது.

தலைமையாசிரியை மட்டும் இன்றுவரை ஏழாவதே சிறந்தது என்கிறார்.